நல்ல சுருட்டைக் கெடுக்காமல் பிடிப்பது: கொங்கு நாட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

துபாயிலிருந்து வரும் மச்சான் விலை கூடிய சுருட்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு மாதம் அது பீரோவில் துணிகளுக்கு நடுவே கிடக்கும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில், ஆடிக் காற்றில், பத்து குச்சி செலவழித்துப் பற்றவைப்பார்கள். கால் மணி நேரத்தில் வாய் கசந்து, "இதுக்குப் போயா இவ்வளவு காசு?" என்று நசுக்கிப் போடுவார்கள். பெரும்பாலும் சுருட்டின் மேல் குற்றம் இருக்காது. பாதி பீரோவிலேயே கெட்டது, மீதி அவசரத்தில் கெட்டது.

அடுத்த விஷயத்துக்குப் போகுமுன் ஒன்று. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சுருட்டு வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். புகைப் பழக்கம் இல்லாதவர் இதைப் படித்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. எப்போதாவது ஒன்று என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட பெரியவர்களுக்காக எழுதுகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

சுருட்டின் முனையை வெட்டும் இரட்டை அலகு கட்டர், ஜெட் லைட்டர் (சீறி வரும் கூர்மையான தீ தருவது) அல்லது நீளமான தீக்குச்சி, அகலமான சாம்பல் கிண்ணம், தண்ணீர், ஒரு சிறு நோட்டு. வைத்திருக்க: காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஈரப்பதம் காக்கும் பாக்கெட், சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரப்பதம் காட்டும் கருவி).

மரப்பெட்டி, தோல் உறை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வருடத்துக்குப் பிளாஸ்டிக் டப்பாவே போதும். அதற்கான காரணம் 3-ஆம் படியில் வருகிறது.

2. எதை வாங்குவது

அளவு முக்கியம். சுருட்டின் குறுக்களவை ஒரு அங்குலத்தின் 64-இல் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். 50 என்று போட்டிருந்தால் கிட்டத்தட்ட 2 செ.மீ. தடிமன். ‘ரோபஸ்டோ’ என்பது சுமார் 124 மி.மீ. நீளம், 50 தடிமன். புதியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மெல்லிய சுருட்டு வேகமாக இழுத்தால் சீக்கிரம் சூடேறிக் கசக்கும். இழுக்கும் வேகம் இன்னும் கைவராதவருக்குக் கொஞ்சம் தடிமன் இருப்பது பாதுகாப்பு. அதற்காக 60 தடிமனுக்குப் போய்விடாதீர்கள். அதை முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் தலை சுற்றிவிடும்.

நிறத்தைப் பார்த்துக் காரத்தை எடைபோடுவது எல்லோரும் செய்கிற தவறு. கறுத்த ‘மதூரோ’ இலை பல நேரம் இனிப்பாகத்தான் இருக்கும். காரம் பெரும்பாலும் உள்ளே சுருட்டியிருக்கும் இலையிலிருந்து வருகிறது. செடியின் உச்சியில் வெயில் குடித்து வளர்ந்த ‘லிகெரோ’ இலை கூடுதலாக இருந்தால் காரம் ஏறும். ‘கனெக்டிகட்’ என்ற வெளிர் நிற வகை மேல் இலை போட்ட டொமினிகன் குடியரசுச் சுருட்டு பொதுவாக மென்மை. நிகராகுவா சுருட்டு பொதுவாக ஒரு படி மேலே. முதல் சுருட்டு டொமினிகனாக இருக்கட்டும்.

கியூபா சுருட்டு என்று சொல்லிப் போலி விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் ‘கோஹிபா’ என்ற பேர்போன கியூபா சுருட்டு வந்தால் யோசிக்கவே வேண்டாம், போலி. இந்தியக் கடையில் வாங்கும் பெட்டியில் நம் அரசின் எச்சரிக்கைப் படம் இல்லையென்றால் அது முறையாக இறக்குமதியானது அல்ல. வெளிநாட்டிலிருந்து வருபவர் வரியில்லாமல் 25 சுருட்டு வரை கொண்டுவரலாம் என்பதால், மச்சானிடம் சொல்லும்போது ஒரே வகையில் மூன்று நான்கு கேளுங்கள். வகைக்கு ஒன்று வாங்கினால் எதையும் ஒப்பிட முடியாது.

3. வந்ததும் பற்றவைக்க வேண்டாம்: ஓய்வும் ஈரமும்

இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். கொங்குப் பக்கத்தில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

சுருட்டுக்குச் சுற்றிலும் 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும். மாசி, பங்குனி மதியத்தில் ஈரோட்டிலும் கரூரிலும் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உதடு வெடிக்கிற காற்றில் மேல் இலையும் வெடிக்கும். இலையிலுள்ள எண்ணெய்ப் பசை போய்விட்டால் திரும்ப ஈரம் ஏற்றினாலும் அந்த மணம் வராது. மாறாக வால்பாறையிலோ ஊட்டியிலோ மழைக்காலத்தில் திறந்து வைத்தால் பூஞ்சை பூக்கும். ஒரே வட்டாரத்துக்குள்ளேயே இரண்டு விதமான தொல்லை.

செய்ய வேண்டியது இது. டப்பாவைக் கழுவி, வாசனை போகும்வரை காயவையுங்கள். இருபுறமும் வேலை செய்யும் ஈரப்பத பாக்கெட் (65 அல்லது 69 என்று எண் போட்டிருக்கும்) ஒன்றை உள்ளே வையுங்கள். 25 சுருட்டுக்கு 60 கிராம் பாக்கெட் ஒன்று போதும். ஈரம் கூடினால் அது உறிஞ்சும், குறைந்தால் விடும். சமதளத்தில் இருப்பவர்களும் மலையில் இருப்பவர்களும் அதையே வைக்கலாம்.

ஹைக்ரோமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். பாட்டில் மூடியில் உப்பு போட்டு, சேறு போல ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி, ஒரு நாள் விடுங்கள். அதற்குள் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மீட்டர் 4 குறைவாகச் சொல்கிறது என்று கவர் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஈர உப்பு மூடிய இடத்தின் காற்றை எப்போதும் 75-இல் நிறுத்தும், அதுதான் இதன் கணக்கு.

டப்பாவில் இரண்டு, மூன்று வாரம் இருக்கட்டும். விமானத்தில், பெட்டியில், கார் டேஷ்போர்டில் பட்ட பாட்டால் மேல் இலை ஒரு ஈரத்திலும் உள் இலை வேறொரு ஈரத்திலும் இருக்கும். இரண்டும் சமமாக நாள் பிடிக்கும். அவசரப்பட்டுத் தண்ணீர் தெளிப்பது, இட்லிச் சட்டி ஆவியில் காட்டுவது, டப்பாவுக்குள் ஆப்பிள் துண்டு போடுவது எல்லாமே கேடு. மேல் இலை ஒரேயடியாக ஊறிப் பிளக்கும், அல்லது பூஞ்சை வரும்.

மரப்பெட்டி ஏன் வேண்டாம் என்றேன்? காய்ந்த மரம் முதலில் தானே ஈரத்தைக் குடிக்கும். இங்கத்திய வெயிலில் அதைப் பழக்கி, மூடி இறுக்கமாக நிற்கிறதா என்று கவனித்து, மாதாமாதம் பார்த்துக்கொள்வது தனி வேலை. அதில் சோர்ந்துபோய், பிளந்த சுருட்டோடு திரும்பி வருகிறவர்கள் ஏராளம்.

எங்கே வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாச்சை உருண்டை போட்ட பீரோ, சாம்பிராணி போடும் பூஜை அறை, மசாலா அலமாரி. புகையிலை பக்கத்திலிருக்கும் வாசனையை வாங்கிக்கொள்ளும். ஃபிரிட்ஜும் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சிவிட்டு, நேற்று வைத்த கருவாட்டுக் குழம்பின் வாசத்தைக் கொடுக்கும்.

4. வண்டு

புகையிலை வண்டின் முட்டை இலைக்குள்ளேயே வந்துவிடலாம். சுமார் 25 டிகிரிக்கு மேல் போனால் பொரிக்கும். சித்திரையில் நம் வீடுகளில் எந்த அறை அதற்குக் கீழே இருக்கிறது?

மேல் இலையில் குண்டூசி குத்திய மாதிரி ஓட்டையும் டப்பாவின் அடியில் தூளும் தெரிந்தால் வண்டுதான். மீதியைக் காப்பாற்ற, இரண்டு ஜிப் கவர் போட்டு மூடி, ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு, மூன்று நாள் ஃபிரீசர், மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டு, அப்புறம் வெளியே. ஃபிரிட்ஜ் வேண்டாம் என்றதற்கு இது ஒன்றுதான் விலக்கு. நேராக ஃபிரீசரில் போட்டு நேராக வெளியே எடுத்தால் மேல் இலை விரிசல் விடும்.

5. இடம், நேரம், வயிறு

பொது இடத்தில் புகைக்கத் தடை இருக்கிறது, அபராதம் 200 ரூபாய் வரை. பஸ் ஸ்டாண்டும் டீக்கடையும் இதற்கான இடமே இல்லை. தோட்டத்துச் சாளைத் திண்ணை, வீட்டு முற்றம் போதும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். பனியன் கம்பெனி, பஞ்சுக் கிடங்கு, கொப்பரைக் களம், ஓலைக் கொட்டகை இவற்றின் அருகே நினைக்கவே கூடாது.

காற்றைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசுகிற காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றில் சுருட்டு ஒரு பக்கமாக எரிந்து, சூடேறி, பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். வைகாசி முதல் ஆவணி வரை சுவர் மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். கொசுவுக்காக ஃபேனைப் பெரிதாக வைத்தாலும் இதே கதைதான்.

வெறும் வயிற்றில் பிடிக்கக் கூடாது, நிக்கோட்டின் உடனே ஏறிவிடும். அரிசியும் பருப்பும் சாதம் நெய் விட்டுச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருவது சரியான கணக்கு. பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்ட வாயோடு உட்கார்ந்தால் அந்த வரமிளகாய்க் காரம் இறங்க நெடுநேரமாகும். அதுவரை சுருட்டில் ஒரு சுவையும் தெரியாது. வெற்றிலை, பாக்கும் அப்படித்தான்.

குடிக்கத் தண்ணீரோ, சர்க்கரை போடாத கருப்புக் காப்பியோ. விஸ்கியை எல்லோரும் சொல்வார்கள். முதல் சில தடவை வேண்டாம் என்பேன், தலை சுற்றினால் எதனால் என்று தெரியாமல் போகும்.

6. வெட்டுவது

சுருட்டின் வாய்முனையில் சிறு தொப்பி ஒட்டியிருக்கும். அது மேல் இலை பிரியாமல் பிடித்து வைத்திருக்கிறது. தொப்பி முடியும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே, 2 மி.மீ. போல வெட்ட வேண்டும். கோட்டைத் தாண்டினால் மேல் இலை பிரிய ஆரம்பிக்கும், அப்புறம் நிறுத்த முடியாது.

கை நடுங்குகிறவர்களுக்கு ஒரு வழி: கட்டரை மேசையில் படுக்க வைத்து, அதன் ஓட்டைக்குள் சுருட்டை நேராக நிறுத்தி, ஒரே அழுத்து. கட்டரின் தடிமனே அளவாகிவிடும். மெதுவாக அழுத்தினால் இலை நசுங்கும். பல்லால் கடிப்பதும் பிளேடால் அறுப்பதும் வேண்டாம். தொப்பியின் பாதி கிழிந்து, புகையோடு துகளும் வாய்க்கு வரும்.

வெட்டியதும் பற்றவைக்காமல் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற அளவு தடை இருந்தால் சரி. காற்றே வரவில்லையென்றால் இன்னும் மெல்லிய ஒரு சீவல் எடுங்கள். அப்படியும் வராவிட்டால் ஈரம் அதிகம். டப்பாவுக்கு வெளியே ஒரு நாள் வைத்துப் பிறகு பாருங்கள். தடையே இல்லாமல் வந்தால் காய்ந்துவிட்டது அல்லது உள்ளே இலை குறைவு, மெதுவாக இழுக்க வேண்டியதுதான். இந்த நேரத்தில் நாக்கில் தெரிகிற சுவையை நோட்டில் எழுதி வையுங்கள். வைக்கோல், உலர்ந்த திராட்சை, கொக்கோ என்று ஏதாவது ஒன்று தெரியும்.

7. பற்றவைப்பது

பெட்ரோல் லைட்டர், மெழுகுவர்த்தி, சூடம், கேஸ் அடுப்பு நான்கும் ஆகாது. அவற்றின் வாசனை முதல் பத்து இழுப்பில் வரும். பியூட்டேன் வாயு போட்ட லைட்டருக்கு வாசனை இல்லை. சிவகாசித் தீப்பெட்டியும் தாராளமாகப் போதும், மருந்து முனை முழுக்க எரிந்து முடிந்தபின் காட்டினால். ஊட்டிக்கு எடுத்துப் போகிறவர்கள் தீப்பெட்டியையும் சேர்த்து எடுத்துப் போங்கள். 2,200 மீட்டர் உயரத்தில் ஜெட் லைட்டர் பல நேரம் மக்கர் செய்யும்.

சுருட்டை வாயில் வைக்காமல், சாய்வாகக் கையில் பிடித்து, தீயின் நுனி முனையைத் தொடாமல் கொஞ்சம் தள்ளிக் காட்டி, மெதுவாகச் சுற்றுங்கள். ஓரம் முழுக்க வட்டமாகக் கருத்து, கனல் தெரியும்வரை. முதலில் ஓரத்தை வாட்டாவிட்டால் நடுவில் மட்டும் தீப்பிடித்து மேல் இலை பின்தங்கும்.

அப்புறம் வாயில் வைத்து, தீயைத் தள்ளியே பிடித்து, சுற்றிக்கொண்டே இரண்டு மூன்று மெல்லிய இழுப்பு. வெளியே எடுத்து முனையில் லேசாக ஊதிப் பாருங்கள். எங்கே சிவக்கவில்லையோ அங்கே மட்டும் தீ காட்டுங்கள். இதற்கு முழுதாக ஒரு நிமிடம் கொடுக்கலாம். இங்கே மிச்சம் பிடிக்கிற ஒரு நிமிடம் பின்னால் நான்கு தடவை திருத்த வைக்கும்.

பெயர் போட்ட காகித வளையத்தை இப்போது கழற்ற வேண்டாம். பசை சூட்டில் இளகும்வரை விடுங்கள். முன்பே இழுத்தால் மேல் இலையும் சேர்ந்து கிழியும்.

8. வேகம்

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அதுவும் இரண்டு மூன்று விநாடி. புகை வாயில் மட்டும் நிற்க வேண்டும், பிறகு வெளியே விட வேண்டும். ரோபஸ்டோ ஒன்றுக்கு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்.

இதில் அதிகம் தடுமாறுகிறவர்கள் சிகரெட் பிடிப்பவர்கள். பழக்கத்தில் நெஞ்சுக்குள் இழுத்துவிடுவார்கள். உள்ளே இழுக்காவிட்டால் ஒன்றும் ஏறாதே என்று கேட்பார்கள். ஏறும். சுருட்டுப் புகையில் காரத்தன்மை (நாக்கில் தெரியும் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) அதிகம் என்பதால் நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சுக்குள் இழுப்பது தேவையில்லாத கேடு, இருமல்தான் மிச்சம்.

இரண்டாவது கூட்டம், கருப்பராயன் கோயில் படையலில் வைத்த நாட்டுச் சுருட்டைப் பிடித்துப் பழகியவர்கள். அவர்கள் கன்னம் குழிய இழுப்பார்கள். "ஏனுங்க, நல்லா இழுத்தாத்தானுங்க புகை வருது!" என்பார்கள். பெரிய இழுப்பில் கனல் சூடேறி இலை கருகும், கசப்பு வரும். சுருட்டை நடுவில் தொட்டுப் பாருங்கள். விரலுக்குச் சுட்டால் வேகம் அதிகம், இரண்டு நிமிடம் கிண்ணத்தில் கிடக்கட்டும்.

சாம்பலைத் தட்டித் தட்டி விடுவது இன்னொரு சிகரெட் பழக்கம். 2 செ.மீ. வரை நிற்கவிடுங்கள். சாம்பல் கனலை மூடியிருப்பதால் எரிவு சீராக இருக்கும். அதற்காக அதை வளர்த்துப் போட்டோ எடுக்கிற போட்டியில் இறங்க வேண்டாம், வேட்டிதான் பொசுங்கும். கிண்ணத்தின் விளிம்பில் வைத்து மெல்ல உருட்டினால் தானே உதிரும்.

9. சுவையைப் பிரித்தறிவது

முதல் ஐந்தாறு இழுப்பை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். தீயின் சூடும் புதுக் கனலும் கலந்த சுவை அது.

சுருட்டை மனசுக்குள் மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பங்கு மென்மையாகவும், நடுப்பங்கு முழுச் சுவையோடும், கடைசிப் பங்கு காரமாகவும் இருப்பது வழக்கம். புகை கடந்து வரும் வழியிலுள்ள இலைகளில் பிசினும் ஈரமும் சேர்ந்துகொண்டே போவதால்தான் இந்த மாற்றம். ஒவ்வொரு பங்கு முடிந்ததும் ஒரு வரி எழுதினால் போதும்.

என்ன வார்த்தையில் எழுதுவது? வெளிநாட்டு விமர்சனங்களில் ஓக் மரம், கிரஹாம் பிஸ்கட் என்று வரும். நாம் சாப்பிடாத பிஸ்கட்டை நாக்கில் தேடி என்ன பயன்? வறுத்த கொத்தமல்லி விதை, மிளகு, காப்பிக்கொட்டை, நிலக்கடலைத் தோல், கருப்பட்டிப் பாகு, புதுச் செருப்புத் தோல், முதல் மழை மண், கொட்டாங்குச்சி எரியும் புகை. இவை நமக்குத் தெரிந்த வாசனைகள். முதலில் இனிப்பா, கசப்பா, புளிப்பா, உப்பா என்று ஒன்றைப் பிடியுங்கள். அப்புறம் சமையல்கட்டில் எந்த டப்பாவைத் திறந்தால் இந்த வாசம் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் தெரியவில்லையா, "ஒன்றுமில்லை" என்று எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவர் சாக்லேட் என்றதும் தலையாட்டுவதைவிட அது மேல்.

சுவையில் பெரும்பகுதியை மூக்குதான் அறிகிறது. அதனால் கொஞ்சம் பழகியபின், வாயிலிருக்கும் புகையில் முக்கால்வாசியை வாய் வழியாக விட்டுவிட்டு, மிச்சம் சொற்பத்தை மூக்கு வழியாக மெதுவாக வெளியே தள்ளிப் பாருங்கள். மிளகுக் காரம் அங்கேதான் தெரியும். முழுப் புகையையும் தள்ளினால் கண்ணில் தண்ணீர் வரும். ஒரு சுருட்டுக்கு மூன்று நான்கு தடவை போதும்.

10. நடுவில் வரும் கோளாறுகள்

ஒரு பக்கம் மட்டும் எரிந்து போகிறதா? பின்தங்கிய பக்கத்துக்கு மட்டும் லேசாகத் தீ காட்டுங்கள். பற்றவைத்தது சரியில்லை, அல்லது காற்று.

வெளியே இலை நிற்க உள்ளே மட்டும் எரிந்து குழி விழுந்தால், சாம்பலைத் தட்டிவிட்டு ஓரத்தை மறுபடி வாட்டுங்கள். ரொம்ப மெதுவாக இழுப்பவர்களுக்கு இது வரும்.

அணைந்துபோனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாம்பலைத் தட்டி, உள்ளே தேங்கிய பழம்புகையை முனை வழியாக ஒருமுறை வெளியே ஊதிவிட்டு, முதலில் செய்த மாதிரியே பற்றவையுங்கள். ஊதாமல் பற்றவைத்தால் பழம்புகையின் கசப்பு அப்படியே வாய்க்கு வரும். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். பாதியை எடுத்து வைத்து மறுநாள் பிடிப்பது சிக்கனம்தான், ஆனால் சாம்பல் கரைத்த சுவை வரும்.

11. தலை சுற்றினால்

முகம் வெளுத்து, நெற்றி வியர்த்து, வயிறு புரட்டினால் அது நிக்கோட்டின். விக்கல் பல நேரம் முதல் அறிகுறி, எச்சிலை விழுங்குகிறவர்களுக்கு அதிகம் வரும். உடனே கீழே வையுங்கள். "இன்னும் கொஞ்சம்தானே" என்று முடிக்கப் பார்க்கக் கூடாது. காற்றோட்டமாக உட்கார்ந்து, நாட்டுச்சர்க்கரை கரைத்த தண்ணீரோ கருப்பட்டித் துண்டோ எடுத்துக்கொண்டால் பலருக்குச் சற்று நேரத்தில் தெளியும். வாந்தி நிற்காமல் போனாலோ நெஞ்சு படபடத்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

12. முடிப்பதும் கை கழுவுவதும்

கடைசி 4, 5 செ.மீ. வரும்போது சூடும் கசப்பும் ஏறும். சுவை போனதும் நிறுத்துங்கள், காசுக்காக விரல் சுடும்வரை இழுக்க வேண்டாம். நசுக்காமல் கிண்ணத்தில் வைத்தால் தானே அணையும். நசுக்கினால் அந்த நாற்றம் திண்ணையில் இரவு முழுக்க நிற்கும்.

அணைந்தபின் தண்ணீர் ஊற்றி, நனைந்ததை உறுதி செய்து, மூடியுள்ள குப்பைக் கூடையில் போடுங்கள். காய்ந்த சருகுப் பக்கம் வீசக் கூடாது. நாயோ ஆட்டுக்குட்டியோ மென்றுவிட்டால் நிக்கோட்டின் அவற்றுக்கு விஷம்.

விவசாயம் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. புகையிலையில் வருகிற தேமல் நோய் வைரஸ் உலர்த்திப் பதப்படுத்திய இலையிலும் உயிரோடு இருக்கும், தக்காளியையும் மிளகாயையும் தாக்கும். சுருட்டுப் பிடித்த கையோடு நாற்றைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். கிணத்துக்கடவு, உடுமலைப் பக்கம் தக்காளி வைத்திருப்பவர்கள் சோப்புப் போட்டு நன்றாகக் கை கழுவிவிட்டுத்தான் தோட்டத்தில் இறங்க வேண்டும். துண்டும் சாம்பலும் நாற்றங்காலுக்குப் போகும் குப்பைக் குழியில் விழக் கூடாது.